ஊராட்சி வாசலில் நிற்கும் இணையம்
சிற்றூர்களுக்குக் கேபிள் இழுப்பதில் லாபமில்லை என்று தனியார் நிறுவனங்கள் ஒதுங்கிக்கொள்வதால், அவற்றின் உரிமக் கட்டணத்துக்கு அடிப்படையான வருவாயில் 5 விழுக்காட்டைத் தீர்வையாகப் பெற்றுக் கிராமப்புற இணைப்புகளுக்குச் செலவிடும் நிதியம் ஒன்றை இந்திய அரசு 2002இல் ஏற்படுத்தியது. 2011இல் ஒப்புதல் பெற்றுப் பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாறிய திட்டம், ஏறத்தாழ 2.5 லட்சம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடியிழைக் கேபிளை, அதாவது தரவை ஒளித்துடிப்புகளாகக் கடத்தும் இழையை, இந்நிதியிலிருந்து கொண்டுசெல்ல முனைந்தது. ஆனால் பல ஊர்களில் கேபிள் ஊராட்சி அலுவலகப் பெட்டியோடு நின்றுவிட, வீடுகளுக்கான கடைசிக் கட்டமும், சாலைக்குக் குழி தோண்டுகையில் அறுபடும் இழையைச் சீர்செய்யும் பொறுப்பும் (பணம் ஒதுக்குவோர் எளிதில் மறப்பது பராமரிப்பைத்தான்) பின்தங்கின. 2023இல் ஒப்புதல் பெற்ற 1,39,579 கோடி ரூபாய்த் திருத்தத் திட்டம், ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் வழியே தரவு செல்லும் வளைய அமைப்பையும் பத்தாண்டுப் பராமரிப்பையும் சேர்த்துக்கொண்டது. தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டிய ஏற்பாடு இது.