முட்டை தின்னும் கோழிகள்

புறக்கடையில் ஐந்தாறு நாட்டுக் கோழிகள் இல்லாத குடியானவர் வீடு அரிது. ஆயினும் அவற்றின் வரவு செலவை நிலத்தின் கணக்கோடு சேர்த்து எழுதுபவர் எவரும் இலர். வீட்டுப் பெண்களே அவற்றிற்குத் தீனி வைத்து, அடை வைத்து, முட்டையை விற்று, அப்பணத்தை உப்பு புளி முதலிய சில்லறைச் செலவுகளுக்கு உபயோகித்து வருகின்றனர். ஆகவே ஒரு கோழி முட்டையைக் கொத்தித் தின்னத் தொடங்கிய செய்தி வீட்டு எஜமானரின் காதுக்கு எட்டுவது கடைசியிலேதான். அதற்குள் ஒரு கோழியின் பழக்கம் நான்கு கோழிகளின் பழக்கமாகி விடுகிறது.

இதனால் வரும் நஷ்டம் சிறிதெனக் கருதலாகாது. நாட்டுக் கோழி வருஷத்தில் மூன்று அல்லது நான்கு தடவை முட்டையிடும். ஒவ்வொரு தடவையும் 10 முதல் 15 முட்டைகள் வரை இட்டு அடைக்கு உட்காரும். 12 முட்டைகளை அடை வைத்தால் 21 நாளில் குஞ்சுகள் வெளிவரும். அந்த 12 முட்டைகளும் கூட்டிலேயே அழிந்து போயின், போனது 12 முட்டைகளின் கிரயம் மாத்திரமன்று. அடுத்த வருஷத்துப் பெட்டைகளும் சேவல்களும் போயின என்றே கொள்ள வேண்டும்.

முட்டை குறைவதாகத் தோன்றியவுடன், குறைப்பது எது என்பதை முதலில் நிச்சயித்துக் கொள்ளுதல் அவசியம். இதில் அவசரப்படுவோர் பலர். சந்தேகம் முதலில் வேலைக்காரச் சிறுவன் மேலும், பின் அடுத்த வீட்டார் மேலும் விழுகிறது. கிராம அதிகாரிகளின் முன் வரும் சில்லறைச் சச்சரவுகளில், உண்மையில் கோழியே குற்றவாளியாயிருப்பவை சிலவேனும் இருத்தல் கூடும். கோழி முட்டையின் கருவை மாத்திரமன்றி ஓட்டையும் விழுங்கி விடுவதுண்டு. மிஞ்சிய ஈரத்தை வைக்கோல் உறிஞ்சிக் கொள்ளும். மேலாகப் பார்ப்பவருக்கு ஒன்றும் புலப்படாது. கூட்டின் வைக்கோலைக் கையால் கிளறிப் பார்த்தல் வேண்டும். அடியில் பிசுபிசுப்பும் பொடி ஓடுகளும் இருந்து, ஏதேனும் ஒரு பெட்டையின் அலகிலோ கழுத்து இறகிலோ மஞ்சட் கரு காய்ந்து ஒட்டியிருந்தால் சந்தேகத்திற்கு இடமில்லை. பாம்பு முட்டையை முழுதாக விழுங்கிச் செல்லுமாதலால், கூட்டில் ஈரமோ ஓடோ இராது. காகம் பகலில் வந்து, கூட்டிலேயே கொத்தும் அல்லது தூக்கிச் செல்லும். கீரியும் பெருச்சாளியும் உடைத்த ஓடுகளைக் கூட்டிற்கு வெளியிலும் காணலாம். இவற்றிற்குப் பரிகாரம் கதவும் வலையுமே. கோழியைக் கண்டித்துப் பயனில்லை.

கோழியே குற்றவாளியென்று தெரிந்த பின்னும், அது பசியாலோ துஷ்டத்தனத்தாலோ இவ்வாறு செய்கிறதென எண்ணுதல் தவறு. முழு முட்டை உண்ணத்தக்க பொருளென்பது பெரும்பாலான கோழிகளுக்குத் தெரியாது. முட்டை ஒன்று தற்செயலாக உடைகிறது. பக்கத்திலிருக்கும் கோழி, சிந்திய எதையும் கொத்திப் பார்க்கும் தன் இயல்பின்படி அதையும் கொத்துகிறது. ருசி கண்டு விடுகிறது. பின்னர் உடையாத முட்டையையும் தானே உடைக்கக் கற்றுக் கொள்கிறது. ஒன்று தின்பதைக் கண்டு மற்றவையும் ஓடி வருகின்றன. ஆகவே இப்பழக்கத்தைத் தடுக்க விரும்புவோர் கவனிக்க வேண்டியது கோழியின் அலகையன்று. முதல் முட்டை ஏன் உடைந்தது என்பதையே.

அது உடைவதற்கு முக்கிய காரணம் ஓட்டின் மென்மை. நாட்டுக் கோழி முட்டையின் நிறை சுமார் 40 கிராம். அதில் ஓடு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, அதாவது 4 கிராம். ஓடு பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லின் இனத்தைச் சேர்ந்த பொருளே. அதற்குள் அடங்கிய கால்சியம் மாத்திரம் சுமார் ஒன்றரை கிராம் இருக்கும். இதைக் கோழி எங்கிருந்து பெறுவது? 100 கிராம் கம்பில் உள்ள கால்சியம் ஒரு கிராமில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு; அரிசிக் குறுணையில் அதனினும் குறைவு. தானியங்களிற் சிறந்த கேழ்வரகிலுங்கூட ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு அளவே உண்டு. நாள் முழுதும் கேழ்வரகே தின்றாலும், ஒரு முட்டைக்கு வேண்டிய கால்சியத்தில் கால் பங்குக்கு மேல் அதனால் கிடைக்காது. மிச்சத்தை நத்தை, பூச்சி, கீரை, சுண்ணக் கல் முதலியவற்றை மேய்ந்து கோழி தேடிக் கொள்கிறது. அதுவும் போதாதபோது தன் எலும்பின் உட்புறத்தில் சேமித்து வைத்ததை எடுத்துச் செலவிடுகிறது. அச்சேமிப்புக் குறைந்தால் ஓடு மெலிகிறது. சிற்சில சமயம் ஓடேயில்லாத தோல் முட்டையும் விழுகிறது. மதில் சூழ்ந்த முற்றத்தில் அடைபட்டு, தவிடும் குறுணையும் மாத்திரம் தின்னும் கோழிகளிடத்தில் இக்குறை அதிகம். அவை சுவரிற் பூசிய சுண்ணாம்பைக் கொத்துவதைப் பலர் பார்த்திருக்கலாம். அது விளையாட்டன்று.

பரிகாரம் சுலபமானது. கிளிஞ்சலை இடித்து, அரிசிக் குறுணையளவுக்குச் சலித்து, ஒரு கொட்டாங்கச்சியில் தனியே வைத்தால், வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக் கொள்ளும். மாவாக அரைத்தல் கூடாது. ஓடு உருவாவதற்கு ஏறக்குறைய 20 மணி நேரம் செல்லும். அதில் பெரும்பகுதி இரவிலேயே கழிகிறது. சற்றுப் பருமனான துண்டுகள் இரைப்பையில் தங்கி, கோழி தீனியெடாத அந்த இரவு வேளையில் சிறிது சிறிதாகக் கரைந்து உதவுகின்றன. ஆதலால் மாலையில் அடையுமுன் கொத்துமாறு வைப்பது விசேஷம். கிளிஞ்சல் கிடைக்காத ஊர்களில் வீட்டில் உடைத்த முட்டை ஓடுகளையே உபயோகிக்கலாம்; ஆனால் அவற்றை வறுத்து, முட்டையோடென்று அடையாளந் தெரியாதபடி நன்றாக நொறுக்கிய பின்னரே போட வேண்டும். அரை ஓடாக எறிவது, தின்னக் கற்றுக் கொடுப்பதற்கு ஒப்பாகும். வெற்றிலைக்குப் போடும் நீற்றிய சுண்ணாம்பை வைத்தல் கூடவே கூடாது. அது வாயையும் குடலையும் புண்ணாக்கும். கிளிஞ்சலைத் தீனியோடு கலந்து விடுவதும் சரியன்று. மிகுந்த கால்சியம் குஞ்சுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கடைகளில் விற்கும் முட்டைக் கோழித் தீவனத்தைக் குஞ்சுகளுக்குப் போடலாகாது என்பதும் இதனாலேயே.

புரதச் சத்தும் வேண்டும். அதற்கு நம் ஊர்ப் பெண்கள் அறிந்த முறையே போதுமானது: பழைய மண் பானையில் கிழிந்த கோணியும் உலர்ந்த சாணமும் இட்டு, தண்ணீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், காலையில் பானை நிறையக் கறையான் ஏறியிருக்கும்.

சித்திரை வைகாசி மாதங்களில் முட்டை அதிகமாக உடைவதற்கு வேறொரு காரணமும் உண்டு. வெயில் தாங்காமல் கோழி வாய் திறந்து இரைக்கிறது. அப்போது ஓட்டுக்கு வேண்டிய கரிவாயு உடலினின்றும் வீணாக வெளியேறுகிறது; தீனியும் குறைகிறது; ஓடு மெலிகிறது. முட்டையின் உட்பொருளில் முக்காற் பங்கு தண்ணீர்தான். தாகமெடுத்த கோழிக்கு உடைந்த முட்டையைப் போல் கவர்ச்சியானது வேறில்லை. நிழலில் மண் தொட்டியில் நாளிரு முறை புதுத் தண்ணீர் வைத்தல் அவசியம். வெள்ளைக் கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோயில் தப்பிப் பிழைத்த கோழிகள் சில காலம் தோல் முட்டையும் கோணல் முட்டையும் இடக்கூடும். இதற்குக் கிளிஞ்சல் உதவாது. கால்நடை மருத்துவரைக் கேட்டு உரிய காலத்தில் தடுப்பு மருந்து போட்டுக் கொள்வதே வழி.

ஓடு கெட்டியாயினும் கூடு சரியில்லையேல் முட்டை உடையும். பல வீடுகளில் ஒரே கூடையில் எட்டுப் பெட்டைகள் முட்டையிடுகின்றன. அடியில் ஒரு பிடி வைக்கோல். அதுவும் நாளடைவில் விலகி, முட்டை வெறுந்தரையில் உருள்கிறது. நான்கைந்து பெட்டைகளுக்கு ஒரு கூடாவது இருத்தல் வேண்டும். ஓரடிச் சதுரமுள்ள பெட்டியோ கூடையோ போதும்; அடியில் மணலும், அதன்மேல் நான்கு விரற்கடை கனத்துக்கு உமி அல்லது வைக்கோலும் பரப்பி, வெளிச்சம் குறைந்த மூலையில் வைக்க வேண்டும். இருட்டில் முட்டை கோழியின் கண்ணை உறுத்தாது. அடைக் கோழியை மற்றவை நெருங்காத இடத்தில் தனியே வைப்பது மிக முக்கியம். முட்டையிட வந்த பெட்டை அடைக் கோழியின் கூடையிலேயே ஏறி, இரண்டும் நெருக்கியடித்து, பாதி கரு வளர்ந்த முட்டைகளை உடைப்பது அன்றாடக் காட்சி. தன் உடலால் மூட முடியாத எண்ணிக்கையில் முட்டைகளை அடை வைப்பதும் இதே கெடுதலை விளைவிக்கும்.

முட்டைகளைக் கூட்டிலிருந்து உடனுக்குடன் எடுத்து விடுதல் எல்லாவற்றிலும் சிறந்த காப்பு. பெரும்பாலான பெட்டைகள் முற்பகலிலேயே இடுகின்றன. ஆகவே அதற்குள் இரு முறையும், பிற்பகலில் ஒரு முறையும் எடுப்பது நலம். ஒரு முட்டையைக் கூட்டிலேயே விட்டு வைக்காவிடில் கோழி கூடு மாறி வேலியோரத்தில் இட்டு விடும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சம் நியாயமானதே. அவர்கள் தச்சரிடம் கடைந்த மர முட்டையையோ, குயவரிடம் சுட்டு வாங்கிய மண் முட்டையையோ வைக்கலாம். இதில் இரட்டைப் பயன் உண்டு: கோழி கூட்டை விட்டுப் போகாது, கொத்திப் பார்க்கும் கோழி அலகு நோக, ஒன்றும் கிடைக்காமல் சலித்து விடும்.

சிலர் முட்டையில் துளையிட்டுக் கருவை ஊற்றி விட்டு, மிளகாய்ப் பொடியைக் குழைத்து நிரப்பி வைக்கின்றனர். இது வெகு நாளைய வைத்தியம், ஆனால் வீண். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை. காரத்தை உணரும் நரம்பின் வாயில் கோழியிடத்தில் வேறு அமைப்புள்ளது என்பதைக் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜோர்ட், ஜூலியஸ் என்னும் இருவர் 2002-ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டினர். காட்டு மிளகாயைப் பறவைகள் தின்று விதையைப் பரப்புவதும் இதனாலேயே. மிளகாய் முட்டையைக் கோழி சாவகாசமாகத் தின்று விட்டு அடுத்ததைத் தேடும். அலகின் நுனியைக் காய்ச்சிய இரும்பால் தீய்க்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அலகின் நுனியில் நரம்புகள் உள்ளன, வேதனை மிகுதி. மேய்ந்து பிழைக்கும் நாட்டுக் கோழி அந்த அலகில்லாமல் பூச்சியைப் பொறுக்குவது எப்படி?

இவ்வளவுக்குப் பின்னும் பழக்கம் தொடருமாயின் குற்றவாளியைப் பிரித்தல் வேண்டும். கொக்கரித்துக் கொண்டு கூட்டை விட்டு வெளிவருவது பெரும்பாலும் இட்ட கோழி. அக்குரல் கேட்டவுடன் கூட்டுக்குள் ஓடுவதே தின்னும் கோழி. ஒரு காலை நேரம் பொறுமையாக உட்கார்ந்து பார்ப்பவருக்கு இது தெரிந்து விடும். பாராமல் சந்தேகத்தின்மேல் அறுத்தவர்கள், நல்ல பெட்டையை இழந்து கள்ளியை மிச்சம் வைத்துக் கொண்டதுண்டு. பிடித்த கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, தீனியும் தண்ணீரும் கிளிஞ்சலும் குறைவின்றி வைத்து, மர முட்டை ஒன்றையும் உடன் போட்டு, ஒரு வாரம் பத்து நாள் தனியே வைத்தால் இளம் பெட்டைகளிற் சில திருந்துகின்றன. அது உள்ளே இடும் முட்டையை உடனே எடுத்து விடுதல் அவசியம்.

திருந்தாதவற்றிற்குச் சாய்வுப் பெட்டி ஒன்று செய்யலாம். ஓரடி நீளத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் பின்புறம் தாழ்ந்த அடிப்பலகை. அதன்மேல் இழுத்துக் கட்டிய கோணி. பின் சுவரின் அடியில் முட்டை நுழையுமளவு இடைவெளி. அப்பால் உமி பரப்பிய மூடிய தட்டு. கோழி இட்டு எழுந்தவுடன் முட்டை மெல்ல உருண்டு கண்ணுக்கு மறைந்து விடும். சாய்வு அதிகமானால் முட்டை மோதிக் கீறும். குறைந்தால் நடுவில் நின்று விடும். முதலில் மர முட்டையை உருட்டிப் பார்த்துச் சரிசெய்து கொள்க. இதில் வைக்கோல் இடக் கூடாதாதலால் சில பெட்டைகள் முதல் சில நாட்கள் உள்ளே போக மறுக்கும். மர முட்டையை முன்புறம் ஓர் ஆணியில் நிறுத்தி வைத்தால் பழகிக் கொள்ளும்.

பழக்கம் முற்றிய கிழப் பெட்டையைப் பற்றி அதிகம் எழுத வேண்டுவதில்லை. அதைக் கறிக்கு அனுப்புவதே சரி. ஆனால் சிலர் அதையே முட்டையிடும் கோழியென்று சொல்லிச் சந்தையில் விற்று விடுகிறார்கள். வாங்கிச் செல்பவர் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரரே. அவர் வீட்டுப் பெட்டைகள் அதனிடம் கற்றுக் கொண்டு, அவற்றின் பெண் குஞ்சுகள் மறு வருஷம் இதே சந்தைக்குத் திரும்பி வரும்.