சாட்சிக் கையெழுத்து அல்ல, ஜாமீன் கையெழுத்து

விடிவதற்கு முன்பே போடியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, ராஜகுமாரி, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களைக் கொண்டுபோகும் ஜீப்புகள் அவை. உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் நம் தெருப் பெண்களும் உண்டு. அப்படிக் கூலிக்குப் போனவரின் மகன் ஒரு ஜீப்புக்கு உரிமையாளராவது நமக்குப் பெருமைதான். ஆனால், அந்த ஜீப் யாருடைய கையெழுத்தில் ஓடுகிறது?

நிலமில்லாதவரிடம் அடமானம் வைக்க எதுவுமில்லை. அதனால் ஃபைனான்ஸ் நிறுவனம் ஜாமீனுக்கு ஆள் கேட்கிறது. உறவில் யாராவது ஒருவர் போய்க் கையெழுத்துப் போடுகிறார். எங்களைத் தேடி வந்த ஒரு தோட்டக் கூலி அம்மாவும் அண்ணன் மகனுக்காக அப்படித்தான் போட்டிருந்தார். மழை பொய்த்துத் தோட்ட வேலை குறைந்ததும் டியூ நின்றது. ஜீப்பைப் பிடித்து ஏலம் விட்டார்கள். விற்ற பணம் போக மீதிக் கடனுக்கு நோட்டீஸ் அந்த அம்மாவுக்கு வந்தது. அதுவும் ஆங்கிலத்தில். ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்திருந்ததை எடுத்து நீட்டியவர் சொன்னது ஒன்றுதான்: “சாட்சிக்குன்னு சொல்லித்தாங்க கையெழுத்து வாங்குனாங்க.”

சட்டம் அதைச் சாட்சியாகப் பார்ப்பதில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128 சொல்வது இது: ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. ‘முதலில் அவனைக் கேளுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள்’ என்று சொல்ல முடியாது. 1968இல் பாங்க் ஆஃப் பீகார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. ஜாமீனுக்காகக் கொடுக்கும் காசோலையும் விளையாட்டல்ல. பக்கத்துக் கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்று. கணவர் வாடகைக் கொள்முதல் முறையில் கார் எடுத்தார், மனைவி ஜாமீன். அவர் கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பியது. ஜாமீன்தாரர் மீதும் காசோலை மோசடி வழக்கு செல்லும் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவ்வளவு பொறுப்பைச் சுமத்தும் அதே சட்டம் சில உரிமைகளையும் தருகிறது. ஜாமீன்தாரர் கடனைக் கட்டிவிட்டால், அந்தப் பணத்தைக் கடன் வாங்கியவரிடம் கேட்டுப் பெறலாம் (பிரிவு 145). இரண்டு பேர் ஜாமீன் நின்றிருந்தால் சுமையைச் சமமாகப் பங்கிட வேண்டும் (பிரிவு 146). ஜாமீன்தாரரைக் கேட்காமல் நிறுவனம் தன்னிடமிருந்த ஈட்டுப் பொருளைக் கைவிட்டால், அதன் மதிப்பளவுக்கு அவர் பொறுப்பு குறையும் (பிரிவு 141). எனவே ஜீப் என்ன விலைக்குப் போனது, யார் மதிப்பிட்டது என்று எழுத்தில் கேளுங்கள். ஆனால், இப்படிப்பட்ட உரிமைகளை விட்டுக்கொடுப்பதாகப் பல ஒப்பந்தங்களில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். படிக்காமல் கையெழுத்திட்டால் அதுவும் போகும்.

வண்டியைப் பிடிப்பதற்கும் முறை இருக்கிறது. பிடிக்கும் முன் எத்தனை நாள் நோட்டீஸ், விற்கும் முன் கடைசி வாய்ப்பு என்ன என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி வகுத்த நெறி. ஒப்பந்தத்தின் நகலைக் கூடியவரை கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தரவேண்டும் என்றும் அது சொல்கிறது. அடியாட்களை வைத்து வண்டியைப் பறிக்கக் கூடாது என்று 2007இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அடுத்த மாதமே ஜார்க்கண்டின் ஹசாரிபாக்கில், டிராக்டர் கடன் வசூலின்போது ஒரு விவசாயியின் கர்ப்பிணி மகள் டிராக்டரில் நசுங்கி இறந்தார். மகிந்திரா ஃபைனான்ஸ் வெளி முகவர்களைக் கொண்டு வசூலிப்பதற்கு ரிசர்வ் வங்கி தடை போட்டது. 2023 ஜனவரியில்தான் தடை நீங்கியது.

கடன் பாக்கி என்பது பணக் கணக்கு. தெருவில் நின்று சாதிப் பெயர் சொல்லித் திட்ட அது யாருக்கும் உரிமை தருவதில்லை. பட்டியல் சாதி, பழங்குடியைச் சேராத ஒருவர் பொதுப் பார்வையில் அப்படி இழிவுபடுத்தினால், அது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

நோட்டீஸ் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். நீங்கள் இல்லாமலேயே உங்களுக்கு எதிராக உத்தரவு வந்துவிடும். முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமில்லை, விவரத்துக்கு 14448. வழக்கு என்றால் தேனி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள். உதவி எண் 15100. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அது நாம் கேட்டு வாங்க வேண்டிய உரிமை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வீடுகளில் ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். நிரப்பாத தாளிலும் தொகை எழுதாத காசோலையிலும் யாரையும் கையெழுத்துப் போட விடாதீர்கள். நகல் கைக்கு வராமல் இடத்தை விட்டு எழாதீர்கள். உறவுக்காக ஜாமீன் நிற்பது நம் மக்களின் பெரிய மனது. அத்தை பேனாவை எடுக்கும் முன், அந்தத் தாளை ஒருமுறை வாசித்துச் சொல்லுங்கள்.