சூதுபவளத்தில் பூத்த மலர்

ஆக்ராவுக்குப் போகிறவர்களில் பலர் தாஜ்மகாலைப் பார்த்த கையோடு ரயில் ஏறிவிடுகிறார்கள். யமுனைக்கு அக்கரையில் இருக்கும் இதிமாத்-உத்-தௌலா கல்லறையைத் தவறவிடுவது பெரிய இழப்பு. நூர்ஜஹான் தன் தந்தைக்காக 1622-க்கும் 1628-க்கும் இடையில் எழுப்பியது அது. சுவரெங்கும் பூச்சாடிகள், மதுக்குடுவைகள், சைப்ரஸ் மரங்கள். அவற்றில் பெரும்பகுதி தீட்டிய வண்ணமல்ல, வெட்டிப் பதித்த கல். ‘பர்ச்சின்காரி’ என்பது இந்த வேலையின் பெயர்.

நீலத்துக்கு ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷானிலிருந்து வந்த லாபிஸ் லாசுலி. சிவப்புக்கு நம் கீழடியிலும் மணிகளாகக் கிடைத்த அதே சூதுபவளம். தாஜ்மகாலில் இவற்றை ஏந்தும் வெள்ளைப் பளிங்கு ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து வந்தது.

வேலையின் சூட்சுமம் கடினத்தன்மையில் இருக்கிறது. கனிமங்களை அளக்கும் மோஸ் அளவுகோலில் பளிங்கு 3, சூதுபவளம் கிட்டத்தட்ட 7. உளியால் பளிங்கைக் குடையலாம். சூதுபவளத்தைச் செதுக்கப் போனால் சில்லுசில்லாகத் தெறிக்கும். தேய்க்கத்தான் வேண்டும். அதற்கு 9 கடினமுள்ள குருந்தத்தின் பொடி. வில்போல் வளைந்த கம்பி ரம்பத்தால் கல்லை மெல்லிய வில்லைகளாக அறுத்து, சாணைச் சக்கரத்தில் இதழ் இதழாகத் தேய்க்கிறார்கள். ஒரே பூவுக்குப் பல துண்டுகள் தேவைப்படும். இதழின் நுனிக்கு வெளிறிய சிவப்பு, அடிக்கு அடர் சிவப்பு என்று கல்லின் இயல்பான நிறத்திலேயே நிழல் காட்டுவார்கள்.

பள்ளத்துக்கேற்ப இதழைத் தேய்ப்பதில்லை. இதழ் முதலில் உருவாகிறது. காவி பூசிய பளிங்கின் மேல் அதை வைத்து ஓரத்தைக் கூரிய முனையால் கீறினால் வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோட்டுக்குள் சிற்றுளியால் சில மில்லிமீட்டர் ஆழம் குடைந்து, பசையிட்டுப் பொருத்தி மெருகேற்றுகிறார்கள். விரலால் தடவினால் ஒட்டுத் தெரியாது. தெரிந்தால் வேலை மட்டம்.

இத்தாலியின் ஃப்ளாரன்ஸிலும் இதே கலை செழித்தது. டெல்லி செங்கோட்டையின் திவான்-இ-ஆமில், ஷாஜஹானின் அரியணைக்குப் பின்சுவரில், கிரேக்கப் புராண இசைஞன் ஆர்ஃபியஸே இருக்கிறான்! இந்தக் கலை அங்கிருந்து வந்ததா, இங்கேயே வளர்ந்ததா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள். ஆர்ஃபியஸ் பலகை இத்தாலிய வேலை. ஆனால் பளிங்கில் கல் பதிக்கும் கை இங்கே அதற்கு முன்பே பழகியிருந்தது.

இன்றும் ஆக்ராவில் இந்த வேலை நடக்கிறது. கடைகளில் பளிங்கென்று சொல்லி மாக்கல் தட்டை நீட்டுவதும் உண்டு. வாங்குமுன் அடிப்பக்கத்தில் நகத்தால் கீறிப் பாருங்கள். மாக்கல்லில் கோடு விழும், பளிங்கில் விழாது.