நாய்கள் கொடுத்த துப்பு

காலை பத்து மணி. அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஹாரன் சத்தம் காதைப் பிளக்கிறது. நிறுத்தி வைத்த ஷேர் ஆட்டோவின் நிழலில் செவலை நாய் ஒன்று காலை நீட்டிப் படுத்துத் தூங்குகிறது. முன்னங்கால் வெட்டி இழுக்கிறது, உதடு துடிக்கிறது, மூடிய இமைக்குள் விழி உருள்கிறது. கனவுத் தூக்கத்தின் அடையாளங்கள் இவை. ராத்திரி முழுக்க இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கம்பெனி பஸ்களைத் துரத்திய அசதி என்பார்கள் டீக்கடையில். அசதி சரி, அது மூளைக்குள் எந்த வடிவில் சேர்கிறது?

இந்தக் கேள்விக்கு முதல் துப்புக் கொடுத்ததும் நாய்கள்தான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானில் இஷிமோரியும், பிரான்சில் லெஜாந்திர், பியெரோன் இருவரும் தனித்தனியே ஏறக்குறைய ஒரே சோதனையில் இறங்கினார்கள். நாய்களைத் தூங்கவிடாமல் பல நாள் விழித்திருக்க வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அவற்றின் மூளை-தண்டுவட நீரை எடுத்து, நன்றாகத் தூங்கி எழுந்த நாய்களுக்குச் செலுத்தினார்கள். அவையும் சுருண்டு படுத்துவிட்டன. கொடுமையான சோதனைதான். ஆனால், விழித்திருக்கும்போது மூளையில் ஏதோ ஒரு பொருள் சேர்கிறது என்பது அதில்தான் வெளிப்பட்டது.

அப்படிச் சேர்வதில் முக்கியமானது அடினோசின். மூளை செல்கள் ஆற்றலைச் செலவழிக்கும்போது மிஞ்சுவது. விழிப்பு நீள நீள, பூனைகளின் முன்மூளை அடிப்பகுதியில் இது ஏறுவதையும், தூங்கியதும் இறங்குவதையும் 1997-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, தூக்கம் கெட்ட பூனைகளின் மூளை-தண்டுவட நீரில் ஓலியமைடு என்ற கொழுப்புப் பொருளை அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனம் கண்டெடுத்திருந்தது. எலிகளுக்குப் போட்டால் அவையும் தூங்கின.

தூங்க வைக்கும் பொருள் இருந்தால் விழிக்க வைப்பதும் இருக்க வேண்டுமே? இருக்கிறது: ஓரெக்சின், 1998-ல் கண்டறியப்பட்டது. இங்கேயும் நாய்களே சாட்சி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வளர்த்த சில டாபர்மேன்கள், பிடித்த தீனியைக் கண்ட குஷியில் கால் மடங்கிச் சரிந்து விழும். ஓரெக்சினை வாங்கிக்கொள்ளும் ஏற்பியின் மரபணு அவற்றில் பழுது என்று 1999-ல் தெரிந்தது. நார்கோலெப்சி என்ற தூக்க நோய் மனிதர்களுக்கு வருவதும் பெரும்பாலும் ஓரெக்சின் குறைந்துபோவதால்தான்.

மெலடோனின் என்ற ஹார்மோனைத் தூக்க மருந்து என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. இருட்டியதும் வௌவாலுக்கும் எலிக்கும்கூட அது சுரக்கிறது; அவை அப்போதுதான் இரை தேடக் கிளம்புகின்றன. இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்வதே அதன் வேலை.

எஸ்டேட்டில் நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டீயிலுள்ள காஃபின் அடினோசினைக் கரைப்பதில்லை, அடினோசின் உட்கார வேண்டிய இடத்தை மறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஐந்து மணி நேரம் கழித்தும் ஏறத்தாழப் பாதி காஃபின் ரத்தத்தில் இருக்கும். காலையில் வீட்டுக்குப் போய்ப் படுப்பவர்கள் கடைசி டீயை நள்ளிரவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.