‘எந்த ரூமுக்கு?’

சமையலறை அலமாரியில் ரவுட்டருக்குப் பக்கத்தில், சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சைப் பலகை. ராஸ்பெரி பை என்று பெயர். அதில் லினக்ஸ் ஏற்றி, என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளையும் நிறுவி, தாத்தா காலத்துப் புகைப்படங்களை வைத்து ஒரு பக்கமும் தயார் செய்தாயிற்று. கைப்பேசியில் 192.168.1.20 என்று தட்டியதும் பக்கம் வந்து நிற்கிறது. அதே எண்ணை மதுரையில் இருக்கும் நண்பனுக்கு அனுப்பினால், “ஒண்ணும் வரலையேடா, சும்மா சுத்திக்கிட்டே இருக்கு” என்று பதில் வருகிறது.

வீட்டில் சர்வர் வைத்துப் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு முதல் நாள் இப்படித்தான் போகும். பலகையிலும் பழுதில்லை, மென்பொருளிலும் பழுதில்லை. நடுவில் ரவுட்டர் நிற்கிறது. அது தன் வேலையைச் சரியாகச் செய்வதால்தான் நண்பனுக்குப் பக்கம் திறக்கவில்லை.

கைப்பேசி வருவதற்கு முன் திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கியவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். எத்தனை அறை இருந்தாலும் கீழே மேனேஜர் மேஜையில் போன் ஒன்றுதான். அறையில் இருப்பவர் இறங்கி வந்து ஊருக்கு டிரங்க் கால் புக் செய்துவிட்டுப் போவார். மேனேஜர் அதை நோட்டில் குறித்துக்கொள்வார். எக்ஸ்சேஞ்சிலிருந்து மணி அடித்ததும் நோட்டைப் பார்த்து, “பதினாலாம் நம்பர், உங்க கால் வந்திருக்கு” என்று குரல் கொடுப்பார். ஆனால் யாரும் புக் செய்யாமல் வெளியிலிருந்து தானாக ஒரு போன் வந்தால், “எந்த ரூமுக்கு?” என்பதுதான் அவரது முதல் கேள்வி. சொல்லத் தெரியாதவருக்கு லைன் கிடைக்காது.

ரவுட்டரும் இதே நோட்டை வைத்திருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் கைப்பேசி, டிவி, மடிக்கணினி ஒவ்வொன்றுக்கும் 192.168 என்று தொடங்கும் ஓர் உள்எண்ணைக் கொடுத்திருக்கிறது. அது அறை எண் மாதிரி. இதே எண் பக்கத்து வீட்டிலும் இருக்கும், பாரிஸிலும் இருக்கும். அதனால் மதுரை நண்பன் 192.168.1.20 என்று தட்டும்போது அவன் தன் வீட்டுக்குள்ளேயே இருபதாம் அறையைத் தேடிக்கொண்டிருக்கிறான். வெளியுலகுக்குத் தெரிவது ரவுட்டரின் ஒரே ஓர் எண்தான். உள்ளிருந்து யார் எதைக் கேட்டார் என்று ரவுட்டர் குறித்துவைத்துக்கொண்டு, பதில் வந்ததும் உரியவரிடம் சேர்க்கிறது. கேட்காமல் வருவதைக் கீழே போட்டுவிடுகிறது. இந்த ஏற்பாட்டுக்கு ‘நாட்’ என்று பெயர்.

இப்படி ஓர் ஏற்பாடு தேவைப்பட்டதற்குக் காரணம் எண் பஞ்சம். இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபிவி4-இல் முகவரியின் நீளம் 32 பிட். மொத்தம் 429 கோடியே சொச்சம் முகவரிகள், அவ்வளவுதான். வெப் பரவத் தொடங்கியதுமே இது போதாது என்று தெரிந்துவிட்டது. 1994 மே மாதம் எகெவாங், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நாட் முறையை எழுதி வெளியிட்டபோது, நிரந்தரத் தீர்வு வரும்வரை தாக்குப்பிடிக்க ஒரு வழி என்றே அதை முன்வைத்தார்கள். முப்பது ஆண்டுகள் கழிந்தும் அந்தத் தற்காலிக ஏற்பாடுதான் உலகத்தின் பெரும்பாலான வீடுகளில் ஓடுகிறது. உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசி ஐபிவி4 தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பங்கிடப்பட்டுத் தீர்ந்தன.

சரி, நண்பனுக்கு எப்படி வழி விடுவது? மேனேஜரின் நோட்டில் நிரந்தரமாக ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். ‘தையல்காரரைக் கேட்டு யார் போன் செய்தாலும் இருபதாம் அறைக்குக் கொடு’ என்பதுபோல. இதற்குத்தான் போர்ட் ஃபார்வர்டிங் என்று பெயர். போர்ட் என்பது வந்த காரியத்தைச் சொல்லும் எண். சாதாரண வெப் பக்கம் கேட்டு வருவோர் 80 என்ற எண்ணோடும், பூட்டுப் போட்ட பாதுகாப்பான பக்கம் கேட்டு வருவோர் 443 என்ற எண்ணோடும் வருவார்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய், ‘80, 443 ஆகியவற்றில் வருவதை 192.168.1.20-க்கு அனுப்பு’ என்று எழுதினால் கதவு திறந்துவிடும். நண்பன் இனி ரவுட்டரின் வெளி எண்ணைத் தட்டினால் போதும்.

இதில் கால் இடறும் இடங்கள் இரண்டு. ஒன்று, மின்சாரம் போய்த் திரும்பியதும் ரவுட்டர் எண்களை மறுபடி பங்கிடும். அப்போது 20 என்ற எண் டிவிக்குப் போய்விடலாம், வருகிறவர்கள் எல்லாம் டிவியின் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். அதனால் சர்வருக்கு அந்த எண்ணை ரிசர்வ் செய்துவைப்பது முதல் வேலை. மற்றொன்று, சோதித்துப் பார்க்கும் விதம். பல ரவுட்டர்கள் உள்ளே இருந்துகொண்டே வெளி எண்ணைக் கூப்பிட்டால் திருப்பி விடத் தெரியாதவை. மதுரையில் பக்கம் அழகாகத் திறந்திருக்கும். வீட்டுக்காரர் மட்டும் திறக்கவில்லையே என்று நள்ளிரவு வரை எதையாவது மாற்றிக்கொண்டிருப்பார். கைப்பேசியின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தும் திறக்கவில்லை என்றால் ரவுட்டரின் பக்கத்தில் வேன் ஐபி என்ற வரியைப் பார்க்க வேண்டும். அங்கே 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்ட எண் இருந்தால் கதை வேறு. 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட வரிசை அது. பிராட்பேண்ட் நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு மேன்ஷன் நடத்துகிறது, நம் வீடே அதில் ஓர் அறை என்று பொருள். தெருவுக்கே ஒரு போன். அதன் மேனேஜர் நம் பேச்சைக் கேட்பவர் அல்லர். நம் ரவுட்டரில் எத்தனை வரி எழுதினாலும் அவருடைய நோட்டில் எழுத நமக்கு அனுமதி கிடையாது. கூடுதல் கட்டணம் கட்டி ஸ்டாடிக் ஐபி, அதாவது நமக்கே உரிய மாறாத வெளி எண், கேட்டு வாங்கலாம். வீட்டுத் திட்டத்தில் சர்வர் நடத்தக் கூடாது என்று நிபந்தனை போடும் நிறுவனங்களும் உண்டு, ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு இறங்குவது நல்லது.

காசு கட்டாத வழிகளும் இருக்கின்றன. புதிய முகவரி முறையான ஐபிவி6-இல் எண்ணுக்குப் பஞ்சமே இல்லை, ஒவ்வொரு கருவிக்கும் உலகறிந்த எண் கிடைக்கும். ரவுட்டரின் காவலைத் தளர்த்தி அந்த ஒரு கருவிக்கு மட்டும் வழிவிட்டால் போதும். ஆனால் பார்க்க வருபவரிடமும் ஐபிவி6 இருக்க வேண்டும். இன்னொரு வழி டனல். வெளியே போகும் போனை எந்த மேனேஜரும் தடுப்பதில்லை அல்லவா? சர்வரே வெளியில் ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டு, போனை வைக்காமல் காத்திருக்கும். வருகிறவர்கள் அந்த நிறுவனத்தின் வாசலுக்கு வருவார்கள், அவர்கள் கேட்பது அந்தத் திறந்த லைன் வழியே வீட்டுக்கு வந்து சேரும். கிளவுட்ஃபிளேர் இதை இலவசமாகவே தருகிறது. வசதிதான். ஆனால் அந்த முறையில் பூட்டு அவர்கள் வாசலிலேயே திறக்கப்படுவதால், நடுவில் இருப்பவர் நினைத்தால் போவதையும் வருவதையும் படிக்க முடியும். சொந்த வீட்டில் வைத்த பொருளுக்குச் சாவி வேறொருவரிடமும் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டே இந்த வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கதவு திறந்த முதல் மணி நேரத்தில் சர்வரின் பதிவேட்டைப் பார்ப்பது பலருக்கும் அதிர்ச்சி. முகவரியை நண்பன் ஒருவனுக்குத்தான் சொல்லியிருப்போம், ஆனால் பதிவேட்டில் முன்பின் தெரியாத எண்கள் வரிசையாக நிற்கும். ஒருவர் வேர்ட்பிரஸ் நுழைவுப் பக்கத்தைக் கேட்டிருப்பார். சர்வரில் வேர்ட்பிரஸே கிடையாது. இன்னொருவர் டேட்டாபேஸ் நிர்வாகப் பக்கத்தைக் கேட்டிருப்பார். எல்லாவற்றுக்கும் 404, அதாவது ‘இங்கே அப்படி ஒன்றும் இல்லை’ என்ற பதில் போயிருக்கும். இவர்கள் மனிதர்கள் அல்லர். இணையத்தின் முகவரிகளை ஒன்று விடாமல் தட்டிப் பார்த்துக்கொண்டு திரியும் நிரல்கள்.

தட்டியதும் திறக்கும் கதவு கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2016 அக்டோபர் 21 சாட்சி. மிராய் என்ற தீநிரல் வீட்டுக் கேமராக்கள், கேமரா பதிவுப் பெட்டிகள், ரவுட்டர்கள் ஆகியவற்றைத் தேடிப் போனது. பெரிய சூழ்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. ‘அட்மின்’ போன்ற, தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பிய சில பத்து பெயர்–கடவுச்சொல் ஜோடிகளைப் போட்டுப் பார்த்தது; மாற்றாமல் விட்ட வீடுகளில் எல்லாம் நுழைந்தது. அப்படிச் சேர்த்த படையை அன்று டின் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மீது ஏவினார்கள். இணையதளப் பெயர்களை எண்களாக மாற்றித் தரும் நிறுவனம் அது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. அந்த டின், மாசசூசெட்ஸில் உள்ள வூஸ்டர் பாலிடெக்னிக் மாணவர்களின் முயற்சியாகப் பிறந்தது. அது முதலில் பெயர் வாங்கியது அடிக்கடி எண் மாறும் வீட்டு இணைப்புகளுக்கு மாறாத ஒரு பெயரைக் கொடுக்கும் சேவையில்தான். வீட்டில் சர்வர் வைத்தவர்களுக்குப் பல ஆண்டுகள் துணை நின்ற நிறுவனத்தையே, பூட்டாத வீடுகளின் கருவிகள் சாய்த்தன.

ஆகவே ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றாமல் சர்வர் பக்கமே போகக் கூடாது. மென்பொருள்கள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ள இடம் தரும் யுபிஎன்பி வசதியை அணைத்துவிட வேண்டும். 80, 443 தவிர வேறெதையும் திறக்கத் தேவையில்லை. 443-இன் பூட்டுக்கு வேண்டிய பாதுகாப்புச் சான்றிதழுக்குச் செலவில்லை, லெட்ஸ் என்கிரிப்ட் 2015 முதல் அதை இலவசமாகத் தருகிறது.

இத்தனை பாடு எதற்கு, எங்கேயாவது இலவசமாக ஏற்றிவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். ஏற்றியவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். தமிழில் இணைய எழுத்து வளர்ந்த காலத்தில் மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற குழுமங்கள் யாஹூவில்தான் நடந்தன. கதை, சண்டை, விமர்சனம், ஊர் நினைவு என்று எத்தனையோ பேர் ராத்திரி கண்விழித்துத் தட்டச்சு செய்தவை அங்கே கிடந்தன. 2020 டிசம்பரில் யாஹூ குழுமங்கள் மொத்தமாக மூடப்பட்டன. யாரோ தனியாகப் படி எடுத்துவைத்தது மட்டுமே மிஞ்சியது. ஒரு குடும்பத்தின் படங்களோ, ஒரு கிராமத்துக் கல்வெட்டுகளின் பிரதிகளோ நம் அலமாரியில் இருந்தால் இன்னொருவரின் வணிக முடிவால் அவை அழியாது. கெட்டுப்போனால் நம் கவனக்குறைவால்தான் கெட வேண்டும். வாரம் ஒரு முறை ஒரு பென்டிரைவில் படி எடுப்பது அதற்கும் மருந்து.

மின்சாரக் கணக்கையும் போட்டுவிடலாம். மூலையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பை எடுத்து சர்வராக்கத் தோன்றும். அது 80 வாட் இழுக்கிறது என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 115 யூனிட். தமிழ்நாட்டில் இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை அது ஒன்றே தின்றுவிடும். 5 வாட்டில் ஓடும் சின்னப் பலகைக்கு அதே இரண்டு மாதத்தில் 7 யூனிட்தான். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் மின்சாரம் நிறுத்தும் நாளில், ரவுட்டருக்கென்று கடைகளில் விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் சில மணி நேரம் தாங்கும். சர்வரையும் யுபிஎஸ்ஸில் சேர்க்காவிட்டால் மெமரி கார்டு கெட்டுப்போகும் ஆபத்து உண்டு.

மின்தடையை ஒரு குறையாகவே எண்ணாத சர்வர் ஒன்று ஸ்பெயினின் பார்சிலோனாவில் இருக்கிறது. லோ-டெக் மேகஸின் என்ற இணைய இதழின் ஆசிரியர் கிரிஸ் டி டெக்கர் 2018-இல் அதைத் தன் வீட்டில் அமைத்தார். பால்கனியில் 50 வாட் சோலார் தகடு, ஒரு பேட்டரி, கையளவுப் பலகை ஒன்று. அந்தப் பலகைக்கு 1 முதல் 2.5 வாட் போதும். படங்களைப் புள்ளி புள்ளியாகக் குறைத்துக் கனத்தைக் கழித்தார்கள். பக்கத்தின் பின்னணி நிறமே பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும்; வானிலை அறிக்கையும் அதே பக்கத்தில் இருக்கும். தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தால் தளம் அணைந்துவிடும், வெயில் வந்ததும் திரும்பிவிடும். ஓராண்டுக் கணக்கு பார்த்தபோது 95 விழுக்காடு நேரம் அது உயிரோடுதான் இருந்தது. வெயிலில் ஓடாமல் வீட்டு மின்சாரத்தில் ஓடிய பாகம் ஒன்றே ஒன்று. அது ரவுட்டர். சர்வரைப்போல் நான்கு மடங்குக்குக் குறையாமல் 10 வாட் இழுக்கிறது, இதைவிடக் குறைவாகக் குடிக்கும் ரவுட்டரைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று அந்த முயற்சியை விளக்கிய கட்டுரையில் எழுதியிருந்தார்கள்.