மார்கழிப் பனியில் உருண்டை பிடிப்போம். கடலையை அரைத்த பின்னர்

மார்கழியும் தையும் திருப்பூர் வட்டாரத்தில் பனி இறங்கும் மாதங்கள். ஆடிப்பட்டத்தில் விதைத்த மானாவாரி நிலக்கடலை பிடுங்கப்பட்டு வீடு வந்து சேர்ந்திருக்கும் காலமும் இதுவே. கார்த்திகைத் தீபத்தன்று பொரியுருண்டையில் தொடங்கும் உருண்டைகள், எள்ளுருண்டை, கடலையுருண்டை எனப் பொங்கல் வரை தொடர்கின்றன. நம் ஊர்ப் பின்னலாடைத் தொழிற்சாலைகளுக்குப் பணிபுரிய வந்துள்ள பீகார் குடும்பங்களுக்கும் இது புதியதன்று. அம்மாநிலத்தின் கயா நகரம், எள்ளையும் வெல்லத்தையும் இடித்துச் செய்யும் ‘தில்குட்’ என்னும் தின்பண்டத்துக்குப் பெயர்பெற்றது.

வாரம் முழுவதும் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் வீடு திரும்பும் பெற்றோருக்கு, குழந்தையோடு நிதானமாக அமர்ந்திருக்க ஞாயிற்றுக்கிழமை ஒன்றே கிடைக்கிறது. அந்நாளில் அரை மணி நேரம் சேர்ந்து உருண்டை பிடிப்பதை நாங்கள் மனமார வரவேற்கிறோம். ஒரே ஒரு நிபந்தனை: ஐந்து வயது நிறையாத குழந்தை உள்ள வீட்டில், அவ்வுருண்டைக்குள் கடலை முழுதாகவோ பாதியாகவோ இருத்தல் கூடாது.

முழுக் கடலையால் நேரும் ஆபத்து

கடலையை அரைத்து மெல்லப் பின்கடைவாய்ப் பற்கள் தேவை. அவை முழுமையாக முளைத்து, மெல்லும் பழக்கம் உறுதிப்பட நான்கு வயதுக்கு மேல் ஆகிறது. அதற்கு முன் குழந்தை கடலையைக் கடித்து இரண்டாக உடைக்குமே தவிர, கூழாக்காது. சிரித்தாலோ, ஓடினாலோ, அழுதாலோ உள்ளிழுக்கும் மூச்சோடு அத்துண்டு மூச்சுக்குழாய்க்குள் சென்றுவிடும். குழந்தையின் மூச்சுக்குழாய் மிகக் குறுகலானது. பெரிய துண்டு அதை முழுதும் அடைத்தால் சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து.

சிறிய துண்டு நுரையீரலுக்குச் செல்லும் கிளைக்குழாய் ஒன்றில் தங்கிவிடுவதும் உண்டு. அது இன்னொரு வகையில் ஏமாற்றும். முதலில் குழந்தை கடுமையாக இருமும். பிறகு இருமல் தணிந்து, எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். ஆனால் கடலையிலுள்ள எண்ணெய் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கும். கடலை ஈரத்தில் ஊதும். சில நாள்களில் இருமலும் வீசிங்கும் காய்ச்சலும் தலைகாட்டும். பனிக்காலத்தில் இதை எவரும் ‘சளி’ என்றே எண்ணுவர். மருந்து கொடுத்தால் சற்றுக் குறையும். மருந்தை நிறுத்தினால் திரும்பும். கடலை எக்ஸ்ரேயில் நேரடியாகத் தெரியாது என்பதால், பெற்றோர் சொல்லும் செய்தியே மருத்துவருக்கு முதல் துப்பு. “கடலை தின்றுகொண்டிருந்தபோது திடீரென்று புரையேறியது” என்ற ஒரு வாக்கியத்தை, அது நடந்து பத்து நாள் ஆகியிருந்தாலும், தயங்காமல் கூறுங்கள். பிராங்கோஸ்கோப் என்னும் உள்நோக்குக் கருவியால் அத்துண்டை அகற்ற முடியும். தாமதம் கூடக்கூட நுரையீரலுக்குச் சேதமும் கூடும்.

கடலையை விலக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. முழுக் கடலையே ஆபத்து. அரைத்த கடலை நல்ல உணவு. லண்டனில் 640 கைக்குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2015ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, ஒவ்வாமை வரும் வாய்ப்பு மிகுந்த குழந்தைகளுக்குக்கூட முதல் வயதுக்குள்ளேயே தக்க வடிவில் நிலக்கடலை கொடுக்கத் தொடங்கினால் கடலை ஒவ்வாமை பெருமளவு குறைகிறது எனக் காட்டியது. ஆயினும் கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு, மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். தின்ற சிறிது நேரத்தில் உடலில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

பாகு இல்லாத உருண்டை

பொரியுருண்டைக்கும் கடலையுருண்டைக்கும் வெல்லப் பாகு காய்ச்சுவது நம் வழக்கம். கொதிக்கும் பாகு நீரைவிடச் சூடானது. தோலில் ஒட்டிக்கொண்டு விடாமல் சுடும். எனவே குழந்தையோடு செய்யும் நாளில் பாகு வேண்டாம். பின்வருமாறு செய்யலாம்.

வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 1 கப், வறுத்த எள் கால் கப், சிறு தீயில் மணம் வரும்வரை வறுத்த ராகி மாவு அரை கப், நாட்டுச் சர்க்கரை கால் கப் முதல் அரை கப் வரை, இளஞ்சூடான நெய் 2 அல்லது 3 மேசைக்கரண்டி. கடலையையும் எள்ளையும் ஆறவைத்து, துண்டு எதுவும் மிஞ்சாதவாறு மிக்சியில் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைச் சேர்த்துப் பிசைந்தால், கடலையின் எண்ணெயும் நெய்யுமே மாவைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

பூஞ்சை பிடித்த, கறுத்த, சுருங்கிய கடலைகளை முதலிலேயே பொறுக்கி எறிந்துவிடுங்கள். அவற்றில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு கல்லீரலைப் பாதிக்கும்; வறுத்தாலும் முற்றிலும் அழியாது.

100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. எள்ளிலும் கால்சியம் மிகுதி. நாட்டுச் சர்க்கரையைப் பொறுத்தவரை ஒரு தெளிவு தேவை. அதில் தாதுக்கள் சிறிதளவு இருப்பினும் அதுவும் சர்க்கரையே. இரத்தசோகைக்கு அது மருந்தாகாது. இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இனிப்புச் சேர்க்க வேண்டாம். கடலை எள் பொடியைச் சர்க்கரையின்றி ராகிக் கூழில் நன்கு கலந்து கொடுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் அறவே கூடாது.

எந்த வயதில் எந்த வேலை?

இரண்டு வயதுக் குழந்தை கை கழுவி, அளந்து வைத்த மாவைப் பாத்திரத்தில் கொட்டும். மூன்று வயதில் பிசையும், உருட்டும். நான்கு, ஐந்து வயதில் கப்பால் அளக்கும். உருண்டைகளை எண்ணி அடுக்கும். கடலைத் தோல் உரிக்கும் வேலையை மட்டும் சிறு குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள். கைக்கு வரும் கடலை வாய்க்கும் போகும். அடுப்பும் மிக்சியும் பெரியவர்களுக்கே உரியவை.

உருண்டையைச் சிறு குழந்தைக்கு முழுதாகக் கொடுக்காமல், தட்டையாகத் தட்டி, சிறு துண்டுகளாக்கி, உட்காரவைத்து, தண்ணீரோடு கொடுங்கள். உலர்ந்த மாவை வாயில் அள்ளிப் போடவும் விடாதீர்கள், அதுவும் புரையேறும்.

அவசர நேரத்தில்

குழந்தை சத்தமாக இருமினால், இருமவிடுங்கள். இருமவோ அழவோ பேசவோ இயலாமல் திணறினால் உடனே செயல்பட வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு இடையே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டுங்கள். பிறகு மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் 5 முறை அழுத்துங்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தையை முன்னோக்கிச் சாய்த்து முதுகில் 5 முறை தட்டிய பின், பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டியை வைத்து உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை அழுத்துங்கள். அடைப்பு நீங்கும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். அருகிலிருப்பவர் 108ஐ அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது. அது இன்னும் உள்ளே போய்விடும். குழந்தை நினைவிழந்தால் தரையில் கிடத்தி, 108இல் பேசுபவர் கூறும் மார்பழுத்த முதலுதவியைத் தொடங்குங்கள்.

சூடு பட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரைக் காயத்தின்மேல் ஓடவிடுங்கள். பற்பசை, இங்க், இட்லி மாவு எதையும் பூச வேண்டாம்.

சர்க்கரை நோய் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ள குழந்தைகளின் பெற்றோர், செய்வதற்கு முன் எங்கள் உணவியல் ஆலோசகரிடம் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பாட்டியிடமும், பக்கத்து வீட்டாரிடமும் இக்கட்டுரையைப் படித்துக் காட்டுங்கள். நீங்கள் கம்பெனியில் இருக்கும் வேளையில் குழந்தையின் கையில் கடலையைக் கொடுப்பவரும், புரையேறினால் முதலில் ஓடிவருபவரும் அவர்களே.