ஹெப்பாள்: ஓர் ஊர்ப்பெயரின் மூலமும் மொழிபெயர்ப்பும்

ஓர் ஊர்ப்பெயருக்குப் பொருள் கூறும் கதை எத்துணைச் சுவையுடையதாயினும், அப்பெயரின் பழைய வடிவமும் காலமும் அதற்கு இடம் தருகின்றனவா என்பதே முதற்கண் நோக்கத்தக்கது. வேட்டையில் வழிதவறிய போசள மன்னன் இரண்டாம் வீரவல்லாளனுக்கு (1173-1220) மூதாட்டி ஒருத்தி வெந்த பயறு அளித்தாள் என்றும், அதனால் அமைந்த ‘பெந்த காளூரு’ என்னும் பெயரே பெங்களூர் ஆயிற்று என்றும் கதை வழங்குகின்றது. ஆனால் பேகூர் நாகேசுவரர் கோயிலிலுள்ள, ஏறத்தாழ கி.பி. 890ஐச் சார்ந்த நடுகல் ‘பெங்களூர்ப் போர்’ ஒன்றைக் குறிப்பிடுகின்றது. எனவே கதைத் தலைவனுக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே அப்பெயர் வழக்கிலிருந்தது தெளிவு.

கல்வெட்டு வடிவத்திலிருந்து தொடங்கினால் ஊர்ப்பெயரின் மூலத்தை எவ்வாறு காணலாம் என்பதற்குப் பெங்களூரின் வடபாலுள்ள ஹெப்பாள் தக்க சான்றாகும். நகரம் விரிந்து தன்னுள் அடக்கிக்கொள்ளும் வரை இது ஏரியை அடுத்த ஒரு சிற்றூர். 2018இல் இங்குக் கண்டெடுக்கப்பெற்ற கன்னட நடுகல், கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்தது, ஏறத்தாழ கி.பி. 750ஐச் சார்ந்தது. போரில் மடிந்த கித்தய்யன் என்னும் வீரனைக் குறிக்கும் இக்கல்லில் ‘பெர்பொழல்நாடு முப்பது’ என்னும் ஆட்சிப் பிரிவு இடம்பெறுகின்றது. பெர்பொழல் என்பதே இன்றைய ஹெப்பாள் எனக் கொள்ளப்படுகின்றது. ‘பெர்’ என்பது பெரிய என்றும், ‘பொழல்’ என்பது நகர் என்றும் பொருள்படும்.

இவ்விரு வடிவங்களையும் இணைக்கும் மாற்றங்கள் மூன்று. முதலாவது, சொல்முதற் பகரம் ஹகரமாதல். தமிழின் பால், புலி, பத்து ஆகியவற்றிற்கு இன்றைய கன்னடத்தில் ஹாலு, ஹுலி, ஹத்து என்பன இணையாக நிற்றல் காண்க. இரண்டாவது, ரகர மெய் அடுத்துவரும் மெய்யோடு ஓரினமாதல். ஹெப்பெரளு (பெருவிரல்), ஹெப்பாவு (பெரும்பாம்பு), ஹெப்பாகிலு (பெருவாயில்) ஆகியவற்றிலும் இதுவே நிகழ்ந்துள்ளது. இவற்றின் பகரம் ஒலிப்புடையது. மூன்றாவது, ‘பொழல்’ என்னும் ஈற்றுப்பகுதி சுருங்குதல். முதலிரண்டும் கன்னடத்தின் பொதுவான ஒலிமாற்றங்கள். மூன்றாவதோ, கோயம்புத்தூர் கோவையாகவும் கும்பகோணமாகிய குடமூக்கு குடந்தையாகவும் வழங்குதல்போல், ஊர்ப்பெயர்களில் மிகுதியாகக் காணப்பெறும் மரூஉ வகையினது.

மொழிபெயர்ப்பாளர் விழிப்புடனிருக்க வேண்டிய இடம் இதுவே. கன்னடப் ‘பொழல்’ தமிழ்ப் ‘பொழில்’ என்பதோடு ஒப்புநோக்கத்தக்கது. தமிழில் பொழில் என்பதற்குச் சோலை என்பதே இன்று முதன்மைப் பொருள். உலகம், நாட்டின் பகுதி என்னும் பொருள்களும் உண்டு. கன்னடத்திலோ அது நகரைக் குறித்தது. ஏரிக்கரை ஊர் என்பதால் ‘பெருஞ்சோலை’ என்று பெயர்த்தால் அது படிப்போர்க்குப் பொருத்தமாகவே தோன்றும், ஆயினும் பிழையாகும். இனச்சொல் என்பது வேறு, நிகர்ச்சொல் என்பது வேறு.

‘பெருநகர்’ எனப் பெயர்ப்பதும் முற்றும் பொருந்தாது. எட்டாம் நூற்றாண்டில் அங்கு மாநகர் ஒன்று இருந்ததாக அது எண்ணச் செய்யும். சொல்லின் பொருள் பெயரிட்டோரின் நோக்கைக் காட்டுமேயன்றி, ஊரின் பரப்பளவை மெய்ப்பிக்காது. கிரேக்க மொழியில் ‘புதுநகர்’ எனப் பொருள்படும் நெயாபொலிஸ் என்னும் பெயர் இத்தாலியில் நாபொலி எனவும் பாலத்தீனத்தில் நாப்லுஸ் எனவும் இன்று வழங்குகின்றது. பழமையான அவ்விரு நகரங்களையும் எவரும் ‘புதுநகர்’ என்று பெயர்ப்பதில்லை.

ஆதலின் கல்வெட்டைத் தமிழாக்குவோர் ‘பெர்பொழல்நாடு’ என்னும் வடிவத்தை அவ்வாறே நிறுத்தி, இன்றைய ஊரையும் சொற்பொருளையும் ஒருமுறை விளக்குதல் சாலும். பெயரைப் பெயர்த்துவிட்டால், கல்லில் நிற்கும் பெர்பொழலும் இன்று வழங்கும் ஹெப்பாளும் ஒன்றே எனக் காட்டும் ஒலிச்சான்று மொழிபெயர்ப்பில் அழிந்துபோகும்.